கிடந்த இடம்

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தலாறு இறங்கிவரும் இடத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்கு இது பாலாறு பொருந்தலாறு அணையின் பெயராக மட்டும்தான் தெரியும். அங்கே ஊரார் பாசிமேடு என்று அழைக்கும் மேடு ஒன்று உண்டு. நல்ல மழை பெய்து வெறித்த பிறகு போய்ப் பார்த்தால், கழுவிவிட்ட மண்ணில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிறு கண்ணாடி மணிகள் தெரியும். மேட்டுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்பதை அகழாய்வுக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் அறிந்திருந்தது. அதைப் பெயராகவும் வைத்துக்கொண்டது.

2009இலும் 2010இலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் தம் மாணவர்களோடு அங்கே அகழாய்வு செய்தார். வாழ்விட மேட்டில் கண்ணாடி மணி செய்த உலையின் தடயமும், 2,000க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் கிடைத்தன. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று எல்லா நிறமும் இருந்தன. ஈமக்காட்டில் திறந்த கல்லறைகளுள் ஒன்றில் நான்கு கால் சாடி ஒன்று இருந்தது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல். பானை உருண்டுவிடாமல் தாங்கும் பிரிமணை ஒன்றும் அதே கல்லறையில் கிடைத்தது. அதில் ‘வய்ர’ என்று படிக்கப்படும் தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. சங்கப் பாடல்கள் பாடிய பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என்பது ராஜனின் கருத்து.

நெல்லை அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று விடை வந்தது. தமிழ் பிராமி எழுத்து அசோகர் காலத்துக்குப் பிறகே, அதாவது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில்தான் தமிழகத்துக்கு வந்தது என்று அறிஞர்கள் பலர் கருதிவந்த காலம் அது. அந்தக் கணக்கை இரண்டு நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளியது ஒரு சாடி நெல். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எச்சரிக்கையோடு பேசினார். ஒற்றைக் காலக்கணிப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது என்றார். பிறகு இன்னொரு கல்லறையின் நெல்லையும் சோதித்தார்கள். கி.மு. 450 என்று வந்தது.

பத்திரிகைகளில் எழுதப்பட்டது எழுத்தின் வயதைப் பற்றித்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. நெல்லை வைத்து எழுத்துக்கு எப்படி வயது சொல்ல முடிந்தது? ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது நெல் மட்டுமே. கீறல் எப்போது போடப்பட்டது என்று எந்தக் கருவியும் அளக்கவில்லை. இரண்டும் ஒரே கல்லறையில், ஒரே சடங்கில் வைக்கப்பட்டு, யார் கையும் படாமல், மூடியபடியே கிடந்தன. அந்த ஒன்றுதான் நெல்லின் வயதை எழுத்துக்கும் உரியதாக்கியது. நூறு ஆண்டுக்கு முன் புதையல் தேடிய யாரோ ஒருவர் அந்தக் கல்லறையைக் கிளறியிருந்தால், நெல்லும் இருந்திருக்கும், பிரிமணையும் இருந்திருக்கும், வரலாறு மட்டும் இருந்திருக்காது. பொருள் கிடைத்தால் போதாது. கிடந்த இடமும் கிடைக்க வேண்டும். தொல்லியலில் ஊர்மக்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்ற கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. அதற்குள் போவதற்கு முன்னால் அந்த 490 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் உள்ள நைட்ரஜன் அணுக்களைத் தாக்கும்போது கரிமம்-14 என்ற கதிரியக்க அணு பிறக்கிறது. அது கரியமில வாயுவாக மாறிக் காற்றில் இருக்கிறது. பயிர் அதை உள்ளிழுக்கிறது. அறுத்த நாளோடு உள்ளிழுப்பது நின்றுவிடும். அன்றிலிருந்து உள்ளே இருக்கும் கரிமம்-14 சிதைந்து குறைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டில் பாதியாகும். 2,500 ஆண்டுக்கு முன் அறுத்த நெல்லில் இன்று தொடக்க அளவில் சுமார் 74 விழுக்காடு மீதி இருக்கும். முடுக்கி நிறைமானி என்னும் கருவி இந்த அணுக்களை நேரடியாகவே எண்ணிவிடுகிறது. அதனால் சில நெல்மணிகளே போதும். பழைய முறையில் பிடிப்பிடியாகக் கரி தேவைப்பட்டது.

மரக்கரியைவிட நெல் நல்ல சாட்சி. முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுத்தண்டு, வெட்டிய நாளிலேயே முந்நூறு வயதுடையது. அதை எரித்த கரியைச் சோதித்தால் அடுப்பின் வயது வராது, மரத்தின் வயதே வரும். நெல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு போகத்தில் முளைத்து, விளைந்து, அறுபட்டது. அது சாடிக்குள் போன காலமும் அதன் ஆயுள் முடிந்த காலமும் ஏறத்தாழ ஒன்றேதான்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழில் இதைப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை என்பது என் வருத்தம். காற்றில் கரிமம்-14இன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒரே சீராக இருந்ததில்லை. மர வளையங்களை ஆண்டுவாரியாகச் சோதித்து, எந்தக் காலத்தில் எவ்வளவு இருந்தது என்று ஒரு வளைகோடு வரைந்திருக்கிறார்கள். ஆய்வக எண்ணை அந்தக் கோட்டில் பொருத்திப் பார்த்துத்தான் நாட்காட்டி ஆண்டு சொல்வார்கள். அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற இரும்புக்கால ஊரான ஹால்ஸ்டாட்டின் பெயரால் இதை ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். வாட்டம் இல்லாத வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாதது போல, இந்த நானூறு ஆண்டுக்குள் அறுத்த நெல் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கரிமக் கணக்கு மட்டும் துல்லியமாகச் சொல்லிவிடாது. பொருந்தலின் 490 இந்தச் சமவெளிக்குள் விழுகிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்த மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 580உம் அப்படியே. இவற்றை ஒற்றை ஆண்டாக மேடையில் முழங்குவதைவிட ஒரு காலப்பரப்பாகப் புரிந்துகொள்வதே நேர்மை.

அப்படியானால் அந்தக் காலப்பரப்பை எப்படிச் சுருக்குவது? மண்ணடுக்குதான் கைகொடுக்க வேண்டும். எது மேலே, எது கீழே, எந்த அடுக்கில் எந்த வகைப் பானை, எலி வளை எங்கே ஊடுருவியிருக்கிறது, கிணற்றுக் குழி எந்த அடுக்கை வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்ற பதிவுகள் வேண்டும். கருவி தடுமாறும் இந்த நானூறு ஆண்டுகளில் மனிதக் கண்ணும் கையும் வைத்த குறிப்புதான் ஆதாரம். திண்டுக்கல் சமவெளியின் பழைய ஊர்களில் பலவற்றை இந்தக் காலத்தை ஒட்டித்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே இங்கே கிடந்த இடத்தின் மதிப்பு மற்ற ஊர்களைவிட ஒரு படி அதிகம்.

அகழாய்வுக் குழியில் இந்தக் குறிப்பு எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் அளந்து, முளையடித்து, நூல் கட்டுகிறார்கள். அதை நான்கு குழிகளாகப் பிரித்து, இடையில் வெட்டாத மண்சுவர் விடுகிறார்கள். தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இந்திய மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு இது. அந்த மண்சுவர்தான் குழியின் கணக்குப் புத்தகம். சாம்பல் படிந்த கோடு, செம்மண் தளம், வண்டல் என்று அடுக்கடுக்காக அதில் எல்லாம் தெரியும். தோண்டியவர் தவறினாலும் சுவர் சொல்லிவிடும்.

குழிக்குள் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். கீழடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். களையெடுத்துப் பழகிய கை. சின்னக் கொத்தால் மண்ணைச் சீவும்போது இரும்பு மண்ணில் படும் ஒலி வேறு, ஓட்டில் படும் ஒலி வேறு. புதிதாக வந்த பட்டதாரி மாணவருக்கு அந்த ஒலி பிடிபட நாளாகும். வயல்வேலை செய்தவர்களுக்கு அது தானாக வருகிறது. ஒலி மாறிய நொடியில் கொத்தை வைத்துவிட்டுத் தூரிகையை எடுக்கிறார்கள். அறிக்கைகளில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பானை உடையாமல் வெளிவந்தது யாருடைய கையால் என்பதும் தரவுதான்.

வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளிச் சல்லடைக்குக் கொண்டுபோவார்கள். தன்னார்வலராக வரும் மாணவரை முதலில் நிறுத்த வேண்டிய இடம் சல்லடைதான் என்பேன். பொருந்தல் போன்ற ஊருக்கு அது உயிர்நாடி. அந்தக் காலத் தமிழகக் கண்ணாடி மணிகளில் பெரும்பகுதி இந்தோ-பசிபிக் மணிகள் என்று ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் பெயரிட்ட வகை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, ஆறவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, விளிம்பின் கூர் போக மீண்டும் சூடாக்கிச் செய்வார்கள். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அந்தக் கைவினை நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. அரிக்கமேட்டிலிருந்து தென்கிழக்கு ஆசியாவரை கிடைக்கும் இந்த மணிகள் பலவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். கொத்துக்குத் தப்பும், கண்ணுக்குத் தப்பும். நுண்ணிய கம்பிவலைச் சல்லடைக்கு மட்டும் தப்பாது. சல்லடையில் கடைசியாக மிஞ்சும் கற்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது, கூழாங்கல்லுக்கு நடுவே ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஊசித்துளை. இந்த மணி எந்தக் கூடை மண்ணிலிருந்து வந்தது என்பது அந்த நிமிடமே சீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் அது அழகான மணியாக மட்டும் மிஞ்சும்.

அடுத்து ஓடு கழுவுமிடம். பானை ஓடுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நிழலில் உலர்த்தி, குழி எண்ணும் அடுக்கு எண்ணும் மையால் எழுதுவார்கள். தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் கறை பழைய உணவின் எச்சமாக இருக்கலாம். அதைக் கழுவிவிட்டால் போயிற்று. கறுப்பு சிவப்பு ஓடு கையில் கிடைத்தால் உடைந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். சூளையில் பானையைக் கவிழ்த்துவைத்து, உள்ளே காற்றுப் போகாதபடி சுட்டால், உயிர்வளி கிடைக்காத உட்புறமும் வாய் விளிம்பும் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் மண்ணில் உள்ள இரும்பு சிவந்து நிற்கும். ஒரே மண், ஒரே சூடு, இரண்டு நிறம். அந்தக் குயவருக்கு வேதியியல் தெரிந்திருந்தது, வேறு சொற்களில்.

இவ்வளவும் படித்துவிட்டு நம் ஊர் மேட்டில் நாமே ஒரு குழி போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு இளைஞர் மன்றத்துக்குத் தோன்றலாம். கூடாது. இந்தியாவில் அகழாய்வுக்கு முறையான உரிமம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழகச் சட்டமும் இருக்கின்றன. மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அதில் குறிப்பிட்டிருக்கும் மதிப்பு வரம்பு பத்து ரூபாய். பல நாடுகளில் பணம் கட்டிச் சேர்ந்து விடுமுறைக்கு அகழ்ந்துவிட்டு வரலாம். இங்கே பொதுமக்கள் அப்படிக் குழியில் இறங்க வழி குறைவு. தொல்லியல் படிக்கும் மாணவர்கள் பல்கலைக்கழகக் குழுவோடு போகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுப்பாட்டைக் குறையாக நான் பார்க்கவில்லை. அகழ்வது என்பது அழிப்பதும்கூட. ஒரு மண்ணடுக்கை ஒருமுறைதான் வெட்ட முடியும். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், உலோகம் காட்டும் கருவியோடு வயலில் அலைபவர்கள் உள்ளிட்ட பொதுமக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பதிவு நல்ல காரியம். ஆனால் அவற்றில் ஏராளமானவை தோண்டி எடுத்த பிறகு பதிவானவை. திண்டுக்கல்லுக்கு அந்த வழி வேண்டாம். ஈமக்காட்டுக் கல்வட்டத்துக்குள் புதையல் இருக்கிறது என்று இரவில் கடப்பாரையோடு வருபவர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கெடுத்திருக்கிறார்கள்.

குழிக்கு வெளியே செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். அதற்கு ஆள்தான் போதாது. அந்த வேலையை நம் நாட்டில் செய்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அரிக்கமேட்டில் 1930களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளும் கற்களும்தான் ஜுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞரை அங்கே இழுத்தன. கீழடியில் 1970களில் கிணறு வெட்டியபோது வெளிவந்த பழம்பொருள்களைப் பிள்ளைகள் தங்கள் பள்ளி ஆசிரியரிடம் காட்டினார்கள். அவர் அவற்றைப் பத்திரப்படுத்தித் தொல்லியல் துறைக்குச் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது 2015இல். இடையில் சுமார் நாற்பது ஆண்டு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையைக் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒரு பள்ளி ஆசிரியரே. அங்கே தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010இலிருந்து இயங்கிவரும் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில், மாணவர்கள் தமிழ் பிராமி படிக்கக் கற்றார்கள். தம் ஊர்களிலிருந்து சீனப் பீங்கான் ஓடுகளை அடையாளம் கண்டு சொன்னார்கள்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கே ஒரு பழைய முன்னோடி உண்டு. கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இருந்த சேசு சபைப் பாதிரியார்கள் ஆங்கிலாடும் நியூட்டனும் பழனி மலைகளின் கற்திட்டைகளைத் தேடி நடந்தார்கள். தொல்லியல் அவர்கள் தொழில் அல்ல. கண்டதை அளந்தார்கள், வரைந்தார்கள், எந்தச் சரிவில் எது இருக்கிறது என்று எழுதினார்கள். இந்தியத் தொல்லியல் துறை 1928இல் அதைத் தன் ஆய்வேட்டு வரிசையில் 36ஆவது ஏடாக வெளியிட்டது. மலைவாசிகள் பாண்டவர் வீடு என்றும் குரங்குப் பட்டடை என்றும் சொல்லிவந்த அந்தக் கல்லறைகளைப் பற்றி இன்று எழுதும் எவரும் அந்த ஏட்டைத் தொடாமல் நகர முடியாது. பிற்காலத்தில் ராஜன் தாண்டிக்குடியில் அகழ்ந்தது அதே மலைத்தொடரில்தான்.

பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூவையும் சொல்ல வேண்டும். ஈடித் பிரிட்டி என்ற நில உரிமையாளர் தம் நிலத்து மேடுகளை அகழச் சொன்னபோது, பேசில் பிரவுன் என்ற, தானே படித்துக் கற்ற உள்ளூர்க்காரர்தான் 1939இல் மேட்டுக்குள் புதைந்திருந்த ஒரு கப்பலின் சுவட்டைக் கண்டார். விடுமுறைக்கு வந்த மெர்சி லாக், பார்பரா வேக்ஸ்டாஃப் என்ற இரண்டு ஆசிரியைகள் தங்கள் கேமராவோடு தினமும் அங்கே நின்று நூற்றுக்கணக்கான படம் எடுத்தார்கள். கப்பலின் அதிகாரபூர்வ அளவு வரைபடங்கள் உலகப் போரில் அழிந்துபோயின. அந்த இருவரின் படங்கள் இல்லையென்றால் கப்பலின் உருவத்தைப் பற்றி இன்று தெரிவதில் ஒரு பகுதி இல்லை. அவர்கள் கையில் கொத்து இருக்கவில்லை.

அப்படியானால் திண்டுக்கல் சமவெளியில் கேமராவும் குறிப்பேடும் உள்ள ஒருவர் எங்கே தொடங்குவது? மாசி, பங்குனியில் தொடங்கலாம். பயிர் எடுத்து, உழுதுபோட்ட செம்மண் வெறுமையாகக் கிடக்கும் காலம். கோடை மழை ஒன்று விழுந்திருந்தால் இன்னும் நல்லது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு நாலைந்து பேர் ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி மெல்ல நடக்க வேண்டும். துறை சார்ந்தவர்கள் இதைக் களஆய்வு என்பார்கள். ஓடுகள் எங்கே அடர்த்தி, எங்கே முடிகின்றன என்பதைக் கைபேசியின் இடக்குறிப்போடு எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டை எடுக்கக் கூடாது. ஓர் அளவுகோலையோ பேனாவையோ பக்கத்தில் வைத்துக் கிடந்தபடியே படம் எடுத்தால் போதும். பத்து வயலில் ஓடே இல்லை என்ற பதிவும் பயனுள்ளதுதான். ஊர் எங்கே முடிந்தது என்று அதுதான் காட்டும். பெரும்பாலான ஆர்வலர்கள் ஓடு கிடைத்த வயலை மட்டும் எழுதுகிறார்கள். வெறும் வயலையும் எழுதுங்கள்.

இந்தச் சமவெளியில் யாரும் பணம் போடாமலே கிடைக்கும் அகழாய்வுக் குழி ஒன்று உண்டு. கிணற்று வெட்டு. நிலத்தடி நீர் கீழே போகப் போக, பழைய கிணற்றை அகலப்படுத்துவதும் புதிதாக வெட்டுவதும் இங்கே ஓயாத வேலை. ஜேசிபி இறங்கிய முதல் நாளில், மேல்மண்ணுக்கும் பாறைக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று மீட்டர் சுவர் பச்சையாகத் தெரியும். அதில் சாம்பல் கோடு, ஓட்டு வரிசை, தாழியின் வளைவு ஏதும் தென்பட்டால் மேலே நின்றபடியே படம் எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று எழுதினாலே போதும். இரண்டு நாள் கழித்துக் கற்கட்டு ஏறிவிட்டால் அந்தச் சுவர் இனி யாருக்கும் தெரியாது. வேலை பார்க்கும் ஆட்களைக் கேட்டால் இன்னும் நிறையத் தெரியவரும். எந்த ஊரில் எந்தக் கிணற்றில் ‘பெரிய பானை’ வந்தது என்பது அவர்கள் நினைவில் இருக்கும்.

கற்கள் இன்னொரு வேலை. வைகைக் கரையில், இன்றைய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் மூன்று கிடைத்தன. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனைப் பற்றி ஒரு கல் பேசுகிறது. அதற்கு முன் தமிழகத்தில் அவ்வளவு பழைய நடுகல் கிடைத்ததில்லை. அதே காலத்து எழுத்துள்ள இன்னொரு நடுகல்லை நம் மாவட்டத்துத் தாதப்பட்டியில் கண்டவர் வே. பா. யதீஸ்குமார். ஊர் ஊராக நடந்து தேடிய ஆய்வு மாணவர். துணி துவைக்கும் கல்லாக, வாய்க்கால் பாலமாக, வேலிக்கு முட்டாக இன்னும் எத்தனை எழுத்துக் கல் இந்த வட்டாரத்தில் கிடக்குமோ என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

அப்படி ஒரு கல்லைக் கண்டால் கை பரபரக்கும். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் இழைப்பது, எண்ணெய் பூசுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எல்லாம் எழுத்தைத் தின்றுவிடும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் நிழலாக எழும். மைப்படி எடுப்பதை ஒரு கல்வெட்டாய்வாளரிடம் உட்கார்ந்து கற்க வேண்டும். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, உலரும் பதத்தில் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஆர்வமுள்ளவர் கற்றுக்கொள்ளக் கூடிய கலைதான்.

ஒற்றைக் கல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களைப் பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலைக்கு அழைத்துப் போவேன். சமணத் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கிய குன்று. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792 என்றும், அது வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. சக ஆண்டு 792 என்றால் கி.பி. 870. அப்படியானால் வரகுணன் அரியணை ஏறியது கி.பி. 862. இடைக்காலப் பாண்டியர் வரலாற்றில் மன்னர்களின் ஆட்சியாண்டு மட்டும் தெரிந்து, நிலையான ஆண்டு தெரியாமல் தவித்த ஆய்வாளர்களுக்கு நிற்க ஓர் இடம் கொடுத்தது இந்தக் குன்றின் பாறை. பாறையோடு பாறையாக இருந்ததால் அது பிழைத்தது. வயலில் பெயர்ந்து கிடக்கும் கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை நில உரிமையாளரோடு பேசுவது. ‘தாழி வந்துச்சுன்னு வெளியில சொன்னா கெவருமெண்டு நெலத்தப் புடுங்கிக்கும்’ என்ற பயம் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பயத்தால் இரவோடு இரவாக மூடப்பட்ட குழிகள் எத்தனையோ. பயப்படுபவரைக் குறை சொல்வதில் பயனில்லை. மூன்று ஏக்கர் பட்டா நிலம்தான் ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்து. அவருக்குச் சரியான தகவல் போய்ச்சேர வேண்டும். கீழடியில் தென்னந்தோப்புக்காரர்களின் ஒப்புதலோடுதான் குழி வெட்டினார்கள். பதிவு முடிந்த குழிகளில் பலவற்றை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதையல் சட்டத்திலேயே கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு உண்டு. அரசு பொருளை எடுத்துக்கொண்டால் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இதையெல்லாம் வெளியூர் அதிகாரி வந்து சொன்னால் நம்பிக்கை வராது. உள்ளூர் வாத்தியார் சொன்னால், பால் சொசைட்டியில் பக்கத்தில் நிற்பவர் சொன்னால் வரும். தொல்லியல் ஆர்வலர் ஒருவர் செய்யக்கூடிய ஆகப்பெரிய தொண்டு இது என்று நினைக்கிறேன். கொத்துப் பிடிப்பதைவிடப் பெரிது.

அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று வர வேண்டும். ஊரில் எடுத்ததைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டும். 2019இல் கீழடி அறிக்கையைத் தமிழில் எளிய நூலாகவே வெளியிட்டார்கள். அந்த ஆண்டு குழிகளைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்கத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 2023 மார்ச்சில் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தது. பொருந்தலின் நெல் உலக ஆய்விதழ்களில் பேசப்பட்ட அளவுக்குப் பொருந்தலில் பேசப்படவில்லை. பாசிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு பலகை, ஊர்ப் பள்ளியில் அந்தக் கல்லறையின் அளவு வரைபடமும் சாடியின் பெரிய படமும், ‘வய்ர’ என்ற எழுத்தைப் பிள்ளைகள் எழுதிப் பார்க்க ஒரு கரும்பலகை. இதற்கு அகழாய்வு உரிமம் தேவையில்லை. பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ இருக்கும் ஒரு வாசகர் வட்டம் மனம் வைத்தால் வருகிற கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கலாம்.